இலைக்குக் குற்றமில்லை

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே
என் செராக்ஸ் கடையில்
இருநூறு பிரதி கேட்டாள்
ராயப்பன்பட்டி வக்கீல் மரிய ஷீபா.
ஒரு பக்கம் அடித்தால் போதும் அக்கா,
எழுத்து மட்டும் பெரிசா இருக்கட்டும்.

மெஷின் சூடாகிற வரைக்கும் வாசித்தேன்.
இருபத்தொரு வயது கடந்தவர்
தன் வீட்டில், தன் காசில் கஞ்சா புகைத்தால்
அது குற்றமாகாது என அறிவிக்கக் கோரி.
தாள் சிக்கிக்கொண்டது.
வேறொன்றுமில்லை,
கூடலூரில் மழை பெய்தால் இங்கே தாள் ஒட்டும்.

சிக்கியதை உருவியபடியே சட்டம் சொன்னாள்:
தனியாக இருந்தால் இலைக்குக் குற்றமில்லை,
விதைக்குக் குற்றமில்லை.
பூவுக்குத்தான் குற்றம்.
பூவோடு சேர்ந்துவிட்டால் இலைக்கும்.

பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்றுதான்
எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

கம்பம் உழவர் சந்தை வாசலில் மேசை போட்டாள்.
பாதிப்பேர் தலைப்பைப் பார்த்துவிட்டு
கத்தரிக்காய் பார்க்கப் போனார்கள்.
திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டார்,
மச்சினன் பெயரில்.
கோயில் கமிட்டிக்காரர் சிரித்தார்:
சாமியார் இழுத்தால் சிவப்பிரசாதம்,
நம்ம பயல் இழுத்தால் எஃப்.ஐ.ஆர்.
அது அப்படி இருக்கிறதுதான் அம்மணி ஒழுங்கு.
கவுன்சிலர் பெரியபொன்னன்
தேர்தல் முடியட்டும் என்றார்.
எந்தத் தேர்தல் என்று சொல்லவில்லை.

பூக்கடை வேலுத்தாய்
கட்டுகிற கையை நிறுத்தாமல் கேட்டாள்:
ஒரு கடையத் தொறந்தாக, எம் புருசன் போனான்.
இன்னொரு கடைக்கு எம் மகனையா கேக்குற?
ஷீபாவிடம் பதில் இருந்தது,
நாலு நாட்டுக் கணக்கோடு, அடிக்கோடிட்டு.
மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மலையேறினால் குமுளி.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
லாட்டரி வாங்கலாம், கள் குடிக்கலாம்.
இந்தப் பக்கம் இரண்டுக்கும் லாக்கப்.
என் வீட்டுக்காரர் மாதம் ஒரு சீட்டு வாங்கி வந்து
ஏ-ஃபோர் கட்டுக்கு அடியில் ஒளிப்பார்.
விழுந்ததில்லை.
கஞ்சாவுக்கு மட்டும்
இரண்டு பக்கமும் ஒரே சட்டம்.
முல்லைப் பெரியாறு முடிக்காத ஒற்றுமையை
அந்தச் செடி முடித்து வைத்திருக்கிறது.

ஒச்சம்மாள் கடைசியில் வந்தாள்.
ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்,
ஓட்டியவன் அவள் மகன்.
சீட்டுக்கு அடியில் யாரோ வைத்த பை என்று அவளும்
அவன் பைதான் என்று கேஸ் கட்டும்.
தண்டு விதை இலை பூ
எல்லாம் சேர்த்து ஒரே தராசில்
இரண்டு கிலோ நூறு.

இது பாசானா
கழிஞ்ச நாலு வருசத்தத் திருப்பித் தருவாகளா?

சட்டம் பின்னால நடக்காதும்மா என்றாள் ஷீபா.
எம் பிள்ளை பின்னால மட்டும் நடந்துச்சே என்றாள்.
என்றாலும் ரேகை வைத்தாள், நன்றாக அழுத்தி.
மொத்தம் முப்பத்தொன்று.
நான் போட்டேனா என்று கேட்காதீர்கள்.
கடை கோர்ட்டுக்கு எதிரே இருக்கிறது.

மனு போனது. ஒப்புகைச் சீட்டு வந்தது.
அதற்கும் இரண்டு பிரதி எடுத்தாள்.
மிச்சத் தாளெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும் அக்கா,
அடுத்த வருஷம் வேணும்.

ஆடியில் ஒருநாள் வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது.
ஜெயில் பார்வைக்கு ஆதார் நகல் வேணும் என்று
ஒச்சம்மாள் நின்றாள், மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிறது.
மனுத்தாள் ஒன்றை எடுத்து
முதுகில் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சொன்னாள்.
வார்டர் ஆதாரைப் பார்த்தாராம்.
தாளைத் திருப்பினாராம்.
வரிசை நெருக்க நெருக்க, நின்று முழுசாக வாசித்தாராம்.
என்னம்மா இது?
தெரியாது சாமி, செராக்ஸ்காரி தப்பு.
நாலாக மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
உள்ளே விட்டாராம்.

என்ன வயசிருக்கும் அவருக்கு என்று கேட்டேன்.
பாக்கலையே என்றாள்.